ஆர்க்டிக்கில் மனிதர்களும் இருக்கிறார்கள்

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் விலங்குகள் பற்றிய ஆவணத் தொடர் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். படப்பிடிப்பு அபாரம்தான், பனிக்கரடியின் மூக்கில் உறைந்த நீர்த்துளிகூடத் தெரிந்தது. ஆனால், 'அங்கே மனிதர்களே கிடையாதா?' என்று கேட்டாள் உடன் பார்த்த என் மகள். அங்கேயே வாழும் இனுவிட் மக்களில் ஒருவர்கூடப் பேசவில்லை.

அவர்களை விலக்கிவிட்டு அந்த விலங்குகளைப் புரிந்துகொள்ள முடியாது. போஹெட் திமிங்கிலங்கள் அருகிவிட்டன என்று 1977-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வேட்டையைத் தடுத்தபோது, அவை பனிக்கு அடியிலும் நீந்துகின்றன, எண்ணிக்கை தவறு என்றார்கள் இனுவிட் மக்களில் ஒரு பிரிவினரான அலாஸ்காவின் இனுப்பியாட் வேட்டைக்காரர்கள். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்து ஆராய்ந்தபோது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது. இனி இத்தகைய தொடர்களை மதிப்பிடும்போது, அந்நிலத்து மக்களின் குரல் இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் உங்கள் விமர்சகர்கள் எழுத வேண்டும்.

– வாசகி, தஞ்சாவூர்