கெர்னல் லாகில் நேரத்தை அணைத்து அனுப்பாதீர்கள்

ரவுட்டர், கேட்வே, கேமரா மாதிரியான சின்ன சர்க்யூட் பலகைகளுக்கு லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கட்டித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கெர்னல் எழுதும் ஒவ்வொரு லாக் வரியின் முன்னாலும் நேரத்தைக் காட்டும் ஆப்ஷன் ஒன்று உண்டு; கெர்னல் கான்ஃபிக்கில் 'பிரிண்ட்கே டைம்' என்ற அந்த வரியை 'ஒய்' (ஆம்) என்று வைத்து அனுப்புங்கள்.

போன மாதம் மூன்று ராத்திரி ஒரு பலகையோடு மல்லுக்கட்டினேன். அதில் செருகிய 4ஜி மோடம் அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. சீரியல் கன்சோலில் (பலகையின் லாக் கேபிள் வழியே வந்து விழும் திரையில்) 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்', அடுத்து 'நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்', மறுபடி 'டிஸ்கனெக்ட்' என்று வரிசையாக நிற்கிறது, ஆனால் இரண்டு வரிக்கும் நடுவே போனது ஒரு நொடியா ஒரு மணி நேரமா என்று தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். அப்புறம்தான் பூட் ஆர்க்ஸில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) பிரிண்ட்கே.டைம்=1 சேர்த்து ரீபூட் செய்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு டிஸ்கனெக்டுக்கும் நடுவே சுமார் 900 நொடி. லூசான ஒயர் இப்படி மணி அடித்த மாதிரி கழலாது. இணையம் இல்லை என்று தப்பாக நினைத்து மோடத்தை ரீசெட் செய்த ஒரு ஸ்கிரிப்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதை அணைத்து வைப்பதில் மெமரியும் மிச்சமாகாது. 2012-இல் வந்த 3.5 கெர்னலிலிருந்து ஒவ்வொரு செய்தியோடும் நேரம் நானோநொடிக் கணக்கில் பஃபரில் (லாக் தங்கும் மெமரியில்) எப்படியும் சேமிக்கப்படுகிறது, இந்த ஆப்ஷன் அதைக் காட்டுவதா மறைப்பதா என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பஃபரைப் படிக்கத் தரும் கேஎம்எஸ்ஜி கோப்பில் பார்க்கலாமே என்பீர்கள். சரி, ஆனால் பலகை பேனிக் ஆகி (கெர்னலே நின்றுபோய்) விழுந்துவிட்டால் அதை யார் போய்ப் படிப்பது? கையில் மிஞ்சுவது சீரியலில் பிடித்து வைத்த லாக் மட்டும்தானே.

பூட் தாமதமாகும் என்ற கவலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர முத்திரை பிடிப்பது வரிக்கு 15 எழுத்து, 1,15,200 பாட் என்ற சீரியல் வேகத்தில் அது சுமார் 1.3 மில்லிநொடி. 300 வரிக்கு அரை நொடிகூட வராது, அதுவும் வேண்டாமென்றால் பூட் ஆர்க்ஸில் 'கொயட்' போட்டுக் கன்சோலில் வரும் வரிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பூட் இன்னும் வேகமாகும்.

ஏற்கெனவே விற்றுப்போன பலகைகளுக்கு அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் இதைச் சேர்த்துவிடுங்கள். அதுவரைக்கும், கெர்னலை ஏற்றும் யூ-பூட்டில் பூட் ஆர்க்ஸைத் திருத்தும் வழியையாவது எங்களுக்குத் திறந்து வையுங்கள்.