நுண் அல்கா வளர்ப்பும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

ஆசிரியர் அவர்கட்கு,

கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பாசிகளான நுண் அல்காக்களிலிருந்து உணவுக்கும் சத்துக்குமான நிறப்பொருள்களைத் தொழில்முறையில் பெறும் முயற்சிக்கு மட்டக்களப்பிலும் இடமுண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த இனத்தை, எப்படிப்பட்ட நிலத்தில் வளர்ப்பது என்று தீர்மானிக்காமல் எவரும் வாவிக்கரையை அளக்கத் தொடங்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இத்தொழிலுக்கு அவுஸ்திரேலியாவை முன்னுதாரணமாகக் காட்டுவது வழக்கம். அங்கே ஹட் லகூன் போன்ற இடங்களில் 1980களிலிருந்து துனலியெல்லா சலைனா என்னும் அல்கா ஆழமற்ற பரந்த குளங்களில் வளர்க்கப்பட்டு, அதிலிருந்து செம்மஞ்சள் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் எடுக்கப்படுகிறது. கடும் வெயிலும் நைதரசன் பற்றாக்குறையும் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பும் ஒன்றுசேரும்போது, அந்த அல்கா தன் உலர்நிறையில் பத்தில் ஒரு பங்குவரை கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. வேறு உயிர்கள் குளத்தில் பெருகிவிடாமல் காப்பதும் அந்த உப்புத்தான். நமது வாவியிலோ மாரி தொடங்கியதும் ஆறுகளின் வெள்ளம் வந்து கலந்து உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் திறந்த உப்புக்குளத்தை நிலைநிறுத்துவது இங்கு மிகக் கடினம். அஸ்டசாந்தின் என்னும் செந்நிறப்பொருளைத் தரும் ஹீமற்றோகொக்கஸ் என்ற அல்காவுக்கு, பச்சையாகப் பெருக்கும் கட்டம், வாட்டிச் சிவக்கவைக்கும் கட்டம் என இரண்டும், பெரும்பாலும் செலவு மிகுந்த மூடிய குழாய்த் தொகுதிகளும் தேவைப்படும்.

ஸ்பிருலினா என்னும் நீலப்பச்சை அல்காவின் நிலை வேறு. சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும் இதற்கு வறண்ட காற்று வீசும் நமது கச்சான் காலம் மிகவும் உகந்தது. சோடியம் இருகாபனேற்றுக் கலந்த காரநீரில் வளர்வதால் பிற அல்காக்களின் தொல்லையும் குறைவு. தரவை எனப்படும் வெறும் புல்வெளி நிலத்தில் அடிவிரிப்பு இட்ட தொட்டிகளைக் கட்டி, மழைநீர் விழாமல் ஒளிபுகும் கூரை போட்டால் போதும். வாவியைத் தொடவே வேண்டியதில்லை. சுருள் இழையாக இருப்பதால் நுண்துணியாலேயே வடித்தெடுக்கலாம். ஒரு லீற்றர் நீரில் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவான உலர்நிறையே கிடைக்கும் இத்தொழிலில், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும், மின்சாரத்தை விழுங்கும் மையவிலக்கிப் பொறி இல்லாமல் அறுவடை செய்ய முடிவது சிறிய சலுகையன்று. இதன் நீல நிறப்பொருளான பைக்கோசயனின் அடங்கிய சாற்றை இனிப்புப் பண்டங்களுக்கு நிறமூட்ட ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2013இல் அனுமதித்தபின், செயற்கை நீலத்துக்கு மாற்றுத் தேடும் உற்பத்தியாளர்கள் இதை நாடுகின்றனர்.

ஆனாலும் அந்த நீலம் மிக மென்மையானது. 60 பாகைக்கு மேல் சூடேறினால் விரைவாகச் சிதைந்துவிடும். ஒளியும் அதைக் கெடுக்கும். நெல்லைப் போல வெயிலில் பரப்பிக் காயவைக்க நினைப்பவர்கள் நிறமிழந்த தூளையே பெறுவார்கள். வேறு நீலப்பச்சை அல்காக்கள் கலந்தால் ஈரலைத் தாக்கும் மைக்குரோசிஸ்டின் நஞ்சு சேரக்கூடும். பார உலோகங்களையும் இவ்வுயிர்கள் உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படாமல் சந்தைக்கு, அதிலும் குழந்தைகளின் உணவுக்கு, போகவே கூடாது. கழிவான காரநீரையும் பசளை எச்சத்தையும் வாவியில் விடுவது அங்கே வலைவீசி வாழும் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

எனவே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இணைந்து, ஒரு முழுக் கச்சானும் ஒரு முழு மாரியும் அடங்கும்படி சிறிய பரீட்சார்த்தத் தொட்டிகளை நடத்தி, விளைச்சல், மின்செலவு, நீர்ச்செலவு, நஞ்சுச் சோதனை முடிவுகள் யாவற்றையும் தமிழில் வெளியிட வேண்டும் என்றும், அதுவரை வாவியோரக் காணி எதுவும் இத்தேவைக்கு வழங்கப்படாதிருக்க மாவட்டச் செயலகம் ஆவன செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.