பந்தலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

தல்லாகுளத்து அக்கம்பக்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். நம் தெரு நீர்மோர்ப் பந்தலைப் பிரித்தாயிற்று, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று. பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் வேலை மேடையிலேயே முடிந்துவிட்டது. அவர்கள் பெயர்கள் ஃப்ளெக்ஸில் இருந்தன, சால்வையும் போர்த்தினோம். அவர்கள் இல்லாமல் பந்தல் இல்லை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் வேலை பார்த்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று தெருவுக்குத் தெரியும்.

முதலில் டம்ளர் கழுவியவர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. உள்ளே பூச்சுள்ள பேப்பர் கப்பும் அதில் சேர்ந்துவிடுகிறது. அதனால் எவர்சில்வர் டம்ளர் என்று முடிவு செய்தோம். கூட்டத்தில் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மதியம் மூன்று மணிக்குத்தான் அதன் அர்த்தம் புரிந்தது. மூன்றுமாவடிப் பக்கமிருந்து ஜனங்கள் வெள்ளமாக வருகிறார்கள், ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு டம்ளர் குடிக்கிறார்கள். மோர் ஊற்ற ஆள் எத்தனையோ பேர். கரண்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளக்கூட ஆள் இருந்தது. கழுவ?

பின் சந்து அக்காமார்கள் யாரும் கூப்பிடாமலே வந்து குந்தினார்கள். ஒரு அண்டாவில் அலசி, ஒன்றில் சோப்புப் போட்டு, கடைசியில் வெந்நீரில் முக்கி எடுத்துக் கவிழ்க்க வேண்டும். அந்த வெயிலில் வெந்நீர் அண்டா பக்கத்தில் உட்கார்வதை நினைத்துப் பாருங்கள். ராத்திரி வரை ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். அழகர் எங்கள் முனையைக் கடந்தபோது "கோவிந்தா" சத்தம் காதைப் பிளந்தது. சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு ஊரே முன்னால் ஓடியது. அக்காமார்கள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சுத்தமான டம்ளர் தீர்ந்துபோயிருந்த நேரம் அது. "நாளைக்கு ஆத்துல பாத்துக்கிறோம்" என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஆற்றுக்கும் போகவில்லை, இங்கேதான் இருந்தார்கள். அதனால் தங்கக் குதிரையில் வந்தவர் இந்த வருஷம் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார் என்று அவர்களுக்கு வேறு யாரோதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பச்சைப் பட்டு என்றால் ஊர் செழிக்கும் என்று எல்லோருக்கும் முன்னால் கணக்குச் சொல்கிறவர்களும் இவர்கள்தான்!

அடுத்தது தண்ணீர். வருவதாகச் சொன்ன தண்ணீர் லாரி ஒன்று வரவில்லை. யாருடையது என்பதெல்லாம் வேண்டாம், விடுங்கள். அழகர் இறங்குவதற்காக வைகை அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஆனால் எங்கள் டிரம்மில் சொட்டு இல்லை. மாடி வீட்டு ஆசிரியர் தம்பதி தங்கள் போர்வெல்லிலிருந்து ஓஸ் இழுத்து விட்டார்கள். அது பாத்திரம் கழுவ. குடிக்க, பக்கத்துத் தெரு மசாலாக் கடை அண்ணாச்சி தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கேன்களை முழுக்கத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கடைக்கடையாகப் போன் போட்டு இன்னும் வரவழைத்தார். அந்தப் பில்லை இன்று வரை எங்களிடம் காட்டவில்லை. அண்ணாச்சி, காட்டுங்கள்.

பானைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஐஸ் கட்டி வேண்டாம், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்குத் தெரியும் என்று ஆரம்பத்திலேயே பெரியவர் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். அவரே மானாமதுரைக்கு ஆள் அனுப்பிப் பெரிய பானைகளை இறக்கினார். வாங்கியதும் அப்படியே ஊற்றிவிடக் கூடாது, மண்வாடை போகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் அவரே பார்த்துக்கொண்டார். ஈர மணல் பரப்பி அதன்மேல் பானை, உள்ளே ஒரு பிடி வெட்டிவேர், வெளியே சுற்றிலும் நனைத்த சாக்கு. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காய்வதால்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது, காற்று எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். சித்திரை மாத மதுரைக் காற்றுக்கு அதில் என்ன குறை? பிரிட்ஜ் தண்ணீர் போலப் பல் கூசாமல், தொண்டைக்கு இதமாக இருந்ததாக வயதானவர்கள் பலர் சொன்னார்கள். மாலையில் கடம் வாசிக்க வந்த தம்பி அந்தப் பானையைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் கடமும் மானாமதுரையில் செய்ததுதான்.

மோருக்குத் தயிர் கொடுத்த பால்காரருக்கும், ரோட்டை அடைப்பதற்கு முன்பே கேன்களைக் கொண்டு வந்து சேர்த்த அவர் மகனுக்கும் நன்றி. ஒரு பங்கு தயிருக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி தட்டிப் போட்டு, கடைசியில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலைத் தாளிப்பு. உப்பைக் குறைக்காதீர்கள், வேர்வையில் போன உப்பு திரும்ப வர வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம் தெரு நர்ஸ் அக்கா நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அக்கா இல்லையென்றால் அழகருக்கு நேர்ந்துகொண்டு தீப்பந்தம் ஏந்தி (திரியெடுத்து) ஆடி வந்த ஒரு பெரியவர் மயங்கி விழுந்தபோது நாங்கள் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்போம். நிழலுக்குத் தூக்கி, காலை உயர்த்தி வைத்து, கண் விழித்ததும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தெளியவைத்தார். அதுவும் இரவு டியூட்டி முடித்து வந்த தூக்கக் கண்ணோடு.

பானகத்துக்கு வெல்லம் இடித்து, துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலமும் போட்டு எலுமிச்சை பிழிந்தது ஒரு தனிக் கூட்டம். இவர்களில் பலர் மீனாட்சி திருக்கல்யாண விருந்துக்கு சேதுபதி பள்ளியில் முதல்நாளே போய்க் காய் நறுக்கிவிட்டு வந்தவர்கள். கை ஓயவே ஓயாது போல. தயிர்சாதம் புளிக்காமல் இருக்க, குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாக உறைக்கு விட்ட ஆச்சிக்குத் தனி வணக்கம். மதியம் இரண்டு மணிக்கும் பொட்டலம் பிரித்தால் அப்போதுதான் பிசைந்தது மாதிரி இருந்தது.

கோரிப்பாளையத்திலிருந்து வந்த பாய் வீட்டுப் பையன்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த பெரிய அண்டாக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினார் பாய். பின்னாலேயே பையன்கள் ரோஸ்மில்க் கலக்க வந்துவிட்டார்கள். வண்டியூரில் அழகர் தன் முஸ்லிம் நாயகியான துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லும் ஊர் இது. "எங்க வீட்டு மாப்பிள்ளை வர்றாரு, நாங்க வராம இருப்பமா?" என்று பாய் கேட்டது கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். (ஜிகர்தண்டாவும் போடுகிறோம் என்றார்கள். கடல்பாசி, நன்னாரி, பால் சுண்டுவது என்று அது பெரிய வேலை, கூட்டத்துக்குத் தாங்காது என்று நாங்கள்தான் தடுத்தோம். பையன்களுக்கு இன்னும் வருத்தம்.)

இசைக்கு வருகிறேன். சாயங்காலம் நாதஸ்வரம் வேண்டும் என்று கேட்டபோது, வேண்டாம், சவுண்ட் செட்டே போதும் என்று சிலர் சொன்னார்கள். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த ஊரில் இப்படியும் ஒரு பேச்சு! நல்லவேளையாக இளம் வித்வான்கள் இருவர், இரண்டு தவிலோடு, போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வெயில் காலத்தில் அந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்தது. காய்ந்தால் பேசாது, எச்சிலில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தவிலின் தோல் வெயிலில் இறுகி ஸ்ருதி எகிறிவிடும், அதனால் துணி போர்த்தி நிழலிலேயே வைத்திருந்தார்கள். சில்லென்று மோர் நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்து, சுக்குக் காபி கேட்டார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எதிர்வீட்டு அத்தை உடனே அடுப்பை மூட்டிவிட்டார்.

மல்லாரி தொடங்கியதும் தெருவே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. கம்பீர நாட்டையில், வார்த்தையே இல்லாத அந்த வாசிப்பு, சாமி புறப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகு மோகனம். கூட்டத்தில் பாதிப் பேர் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், அதையும் முகம் சுளிக்காமல் வாசித்தார்கள். என் கணக்கில் அன்றைய உச்சம் தவில்காரர்கள் மட்டும் வாசித்த தனி ஆவர்த்தனம்தான். விரல்கூடு போட்ட வலது கையும் கழி பிடித்த இடது கையும் எங்கே போகின்றன என்று பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டோம். உண்மையில் இரவு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டு வண்டிக் காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம் (இப்போது வேனில் வருகிறார்கள்) நம் பந்தலில் படுக்க இடம் கேட்டது. அவர்களில் ஒரு தாத்தா, அழகரின் பயணத்தைச் சொல்லும் நாட்டுப் பாட்டான அழகர் வர்ணிப்பு பாட ஆரம்பித்தார். மைக் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. மலையிலிருந்து புறப்படுவது, வழியில் தங்குவது, ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை வில்லிபுத்தூரிலிருந்து வந்து சேர்வது என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பாடினார். காலேஜ் பையன்கள் போனை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பதிவு செய்யலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, "அடுத்த வருசம் வந்து கேளு" என்று சொல்லிவிட்டார். தாத்தாவுக்கும், தங்கள் வீட்டுக் குளியலறையை அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குத் திறந்துவிட்ட மூன்றாம் வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. திருவிழாவில் பெண்களுக்கு மோரை விட அதிகம் தேவைப்படுவது அதுதான், ஃப்ளெக்ஸில் அதை யாரும் போடுவதில்லை.

தூய்மைப் பணியாளர்களை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன், சுருக்கமாகக் கடந்துவிடக் கூடாது என்பதற்காக. அழகர் ஆற்றில் இறங்கிய கையோடு ஊர் தூங்கப் போய்விட்டது. அவர்கள் அப்போதுதான் வேலைக்கு வந்தார்கள். தெருவெங்கும் செருப்பு, பூ, தொன்னை, தண்ணீர் பீய்ச்சியதில் ஊறிக் கிடந்த குப்பை. எலுமிச்சைத் தோலையும் வாழை இலையையும் முதல்நாளே தனியாகக் கட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்களில் ஒரு அக்காதான். அதனால் எங்கள் முனை ஒரு மணி நேரத்தில் சுத்தமானது. சாப்பிடக் கூப்பிட்டபோது, "மீதியைக் குடுக்காம, சுடச்சுட இருந்தா குடுங்க" என்று நேராகச் சொன்னார். சொன்னது சரிதான். அன்று காலை அவர்களுக்கென்றே பொங்கலும் சாம்பாரும் வைத்தோம். அடுத்த ஆண்டு செலவுக் கணக்கில் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதியாயிற்று.

போக்குவரத்துக் காவலர்கள், மின்சாரம் போன போது ஏணியோடு ஓடி வந்த லைன்மேன், இலவசமாகக் கோலம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், நோட்டில் வரவு செலவு எழுதிய கல்லூரித் தங்கை எல்லோருக்கும் நன்றி. கணக்கு நோட்டு மசாலாக் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மிச்சப் பணம் டம்ளர் வாங்கவும், கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு கொட்டகை போடவும் வைத்திருக்கிறோம்.

ஒரு அறிவிப்பு. வாடகைப் பாத்திரங்களோடு கலந்துபோன சில வீட்டுப் பாத்திரங்கள் எங்களிடம் இருக்கின்றன: இரண்டு தூக்குவாளி, ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு ஜல்லிக் கரண்டி. சொம்பில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. உங்களுடையது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்வீட்டு அத்தையிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அத்தை அடையாளம் கேட்பார்.

அன்புடன்,
பந்தலில் கணக்கும் கரண்டியும் பிடித்த ஒருத்தி
தல்லாகுளம், மதுரை