கையைப் பிடித்து இழுக்காமல் கூட வந்தவர்களுக்கு

நட்புடையீர், வணக்கம்.

பார்வை முழுதாகப் போன பிறகு மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். மெயில் படித்துப் பதில் போடுகிறேன், எக்செல் தாளில் கணக்குப் பார்க்கிறேன், இந்த மடலையும் நானேதான் தட்டச்சு செய்கிறேன். இதற்குக் காரணமானவர்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் அவர்கள் எப்படி உதவினார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். சரி, போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் கீபோர்டு சொல்லிக்கொடுத்த சார். அவருக்கும் பார்வை கிடையாது. பாடம் முழுக்கப் போனில்தான். எடுத்த எடுப்பில் மவுஸைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். "அம்புக்குறி எங்கே நிக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஃபோகஸ் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைக் கேளுங்க" என்றார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். விண்டோஸில் நான் கற்றது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். அதற்குக் கட்டளை கொடுக்கவென்று ஒதுக்கிய கீதான் என்விடிஏ கீ, வழக்கமாக இன்சர்ட். அந்தக் கீயோடு டேப் அழுத்தினால் இப்போது எதன்மேல் நிற்கிறோம் என்று திரைவாசிப்பான் சொல்லும். டைட்டிலுக்கான டி எழுத்தை அதே கீயோடு சேர்த்து அழுத்தினால் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று சொல்லும். குழம்பிப்போனால் முதலில் இந்த இரண்டையும் கேள், அப்புறம் மற்றதைப் பார் என்பது அவருடைய சட்டம். இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

பார்வையோடு பழகியவர்கள் திரைவாசிப்பானுக்கு வந்தால் முதலில் செய்வது டேப், டேப், டேப் என்று தட்டிக்கொண்டே போவது. டேப் நிற்பது லிங்க், பட்டன், எழுதும் கட்டம் இவற்றில் மட்டும்தான். நடுவில் இருக்கிற பத்திகளை அப்படியே தாண்டிவிடும். "டேப் அடிச்சா கதவையெல்லாம் தொட்டுட்டு வரலாம், உள்ளே யாரு என்ன பேசறாங்கன்னு கேக்க முடியாது" என்பார் சார். படிக்க அம்புக்குறி கீகள். தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போக எச். பட்டனுக்கு பி. லிங்குக்குக் கே. ஷிஃப்ட்டோடு சேர்த்தால் அதே வழியில் பின்னால் வரலாம். ஒரு புதிய பக்கம் திறந்ததும் எச் எழுத்தை வரிசையாகத் தட்டி, தலைப்புகளை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் பக்கத்தின் எலும்புக்கூடு பிடிபட்டுவிடும். முழுசாகப் படிக்க வேண்டுமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம். பார்வை இருந்த நாட்களில் ஒரு பக்கத்தை நான் இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததாக நினைவில்லை.

புதிதாக வருகிறவர்களை ரொம்பக் குழப்புவது ஒன்று உண்டு. ஒரு படிவத்தில் பெயர் எழுத உட்கார்கிறோம். எழுத்தைத் தட்டத் தட்ட, அது கட்டத்தில் விழாமல் திரைவாசிப்பான் பக்கம் முழுக்கத் தாவுகிறது. கே தட்டினால் ஏதோ ஒரு லிங்கில் போய் நிற்கிறது. இதற்குக் காரணம், என்விடிஏ இரண்டு நிலைகளில் வேலை செய்வதுதான். ஒன்று பக்கத்தில் உலாவும் நிலை, இதில் எழுத்துகள் குறுக்குவழிகளாக இருக்கும். மற்றது கட்டத்துக்குள் எழுதும் நிலை. என்விடிஏ கீயோடு ஸ்பேஸ் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். மாறும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், இரண்டுக்கும் வேறு வேறு சத்தம். சார் அந்த இரண்டு சத்தத்தையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, "இப்ப எழுதலாமா, உலாவலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காது பழகும் வரை அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத் தனியாக ஒரு நன்றி, சார்.

என்விடிஏ கீயோடு ஒன்று என்ற எண்ணை அழுத்தினால் பழகும் நிலை வரும். அதில் எந்தக் கீயைத் தட்டினாலும் அதன் பெயரும் வேலையும் மட்டும் காதில் விழும், எதுவும் நடந்துவிடாது. கெட்டுப்போகுமோ என்ற பயம் இல்லாமல் கீபோர்டு முழுவதையும் தட்டிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே கொஞ்ச நாள் விளையாடுங்கள் என்பேன்.

அடுத்து அக்கா. வேலையிடத்தில் எனக்கு மேக் கொடுத்தார்கள். கற்றதெல்லாம் விண்டோஸில். மேக்கில் இருக்கிற வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வேறு மாதிரி யோசிக்கும். பக்கத்து மேசை அக்காவுக்கு நல்ல பார்வை, அவரும் வாய்ஸ்ஓவரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அவரே உதவிக் குறிப்புகளை உட்கார்ந்து படித்து, தானும் பழகி, எனக்கும் சொன்னார். கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது அம்புக்குறி அழுத்தினால் அடுத்ததற்குப் போகலாம். அதே இரண்டு கீயோடு ஸ்பேஸ் தட்டினால் அழுத்தியதாக அர்த்தம். மேக்கில் விஷயங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு பட்டியலையோ டூல்பாரையோ அடைந்ததும், கன்ட்ரோல், ஆப்ஷன், ஷிஃப்ட்டோடு கீழ் அம்புக்குறி அழுத்தி உள்ளே போக வேண்டும், அதேபோல மேல் அம்புக்குறி அழுத்தி வெளியே வர வேண்டும். விண்டோஸ்காரனுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. "உள்ளே போயிட்டீங்களா, வெளியே நிக்கறீங்களா?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் அக்கா காட்டிய டிராக்பேடுதான், மவுஸுக்குப் பதிலாக விரலால் தடவுகிற அந்தப் பரப்புதான், எனக்குப் பெரிய ஆச்சரியம். மவுஸையே எடுத்து வைத்தவனுக்கு டிராக்பேடு எதற்கு என்றுதான் இருந்தேன். இடது கையால் கன்ட்ரோலையும் ஆப்ஷனையும் பிடித்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலை டிராக்பேடில் வைத்துக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஒரு திருகு திருகச் சொன்னார். டிராக்பேட் கமாண்டர் இயங்குவதாக வாய்ஸ்ஓவர் அறிவித்தது. அதிலிருந்து அந்தச் சின்னப் பரப்பு முழுவதும் திறந்திருக்கிற ஜன்னலாகிவிடும். விரல் எதன்மேல் போகிறதோ அதன் பெயர் காதில் விழும். மெயிலைத் திறந்து வைத்திருந்தோம். "மேல் விளிம்பில இடது மூலையில விரலை வைங்க, மெதுவா வலது பக்கம் இழுங்க" என்றார் அக்கா. மூடும் பட்டன், சுருக்கும் பட்டன், அப்புறம் டூல்பார் என்று வரிசையாக வந்தது. கீழே இறங்கினால் இடது பக்கம் அஞ்சல்பெட்டிகள், அதை அடுத்து வந்த மடல்களின் பட்டியல், வலது பக்கம் மடல். கீபோர்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட அதே விஷயங்கள், எது எங்கே இருக்கிறது என்பதோடு கைக்குக் கிடைத்தன.

ஒரு விரலை வலது பக்கம் தட்டிவிட்டால் அடுத்தது, இடது பக்கம் என்றால் முந்தையது, இரண்டு முறை தட்டினால் அழுத்தியதாகக் கணக்கு. இரண்டு விரலை வைத்துத் திருகினால் ரோட்டார் மாறும், அதாவது தலைப்பு, லிங்க் என்று எதன்படி தாவுவது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். தலைப்பு என்று வந்ததும் நிறுத்தி, ஒரு விரலைக் கீழ்நோக்கித் தட்டினால் தலைப்பு தலைப்பாகப் போகலாம். இந்த விரலசைவுகள் மேக்கில் 2009-இல் ஸ்னோ லெப்பர்டு என்ற பதிப்போடு வந்தவை. எனக்கு வந்து சேர ஒரு அக்கா தேவைப்பட்டார்.

இரண்டில் எது மேல் என்று கேட்கிறார்கள். வேகமும் நிச்சயமும் வேண்டுமென்றால் கீபோர்டுதான், சந்தேகமே இல்லை. எங்கே விட்டேனோ அங்கேயே மறுபடி வந்து நிற்க அதுதான் சரி. ஒரு புதிய மென்பொருளில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்போதும், பார்வை உள்ளவரோடு சேர்ந்து ஒரே திரையைப் பற்றிப் பேசும்போதும் டிராக்பேடுக்கு ஈடில்லை. "வலது பக்கம் மேலே" என்று யாராவது சொன்னால் எனக்கும் இப்போது அது ஒரு இடம்.

அக்கா பழகும்போது திரையை இருட்டாக்கிவிடுவார். வாய்ஸ்ஓவரில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கண் ஏமாற்றிவிடக் கூடாதாம். இருட்டுத் திரைக்கு முன்னால் நாங்கள் இருவரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மின்சாரம் போய்விட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

இன்னொருவரை நான் நேரில் சந்தித்ததே இல்லை. நாங்கள் தினமும் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளில் வரிசையாக மூன்று பட்டன்கள். திரைவாசிப்பான் அவற்றை "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் வாசிக்கும். ஒன்று சேமிக்க, ஒன்று அச்சிட, ஒன்று அழிக்க. படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சிக்கலில்லை. எனக்கோ ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரைக்கும். கேட்ட இடத்தில் "உங்களுக்காக மட்டும் மாற்ற முடியாது" என்று பதில் வந்தது. அந்த நிரலை எழுதுகிற ஒருவர் மட்டும், சரியாக எந்தப் பட்டனில் என்ன கேட்கிறது என்று விவரம் கேட்டு எழுதினார். அடுத்த பதிப்பில் மூன்றுக்கும் பெயர் வந்துவிட்டது. பார்க்கப் பட்டன் மாதிரி இருந்தும் டேப் நிற்காத இன்னொன்றையும், நான் கேட்காமலேயே, உண்மையான பட்டனாக மாற்றியிருந்தார். ஐயா, உங்களுக்கு அது சில வரிகளாக இருந்திருக்கலாம். அந்தத் திரையில் இப்போது நான் யாரையும் கூப்பிடுவதில்லை.

கூட வேலை செய்கிறவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். "அந்த நீலப் பட்டன்" என்று சொல்வதை விட்டுவிட்டு, "இரண்டாவது தலைப்புக்குக் கீழே, அனுப்பு என்ற பட்டன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். வேர்டு ஆவணத்தில் எழுத்தைத் தடிமனாக்கித் தலைப்பு என்று விடாமல், கன்ட்ரோல், ஆல்ட், ஒன்று அழுத்தி நிஜத் தலைப்பாகவே போடுகிறார்கள். தடித்த எழுத்து எச் தட்டினால் அகப்படாது. படத்தை அனுப்பினால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் இன்னும் வருகிறது. பரவாயில்லை, கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.

முகம் தெரியாத இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1978-இல் விபத்தில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர்தான் ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானுக்கு வழி வகுத்தவர். 2006-இல் ஆஸ்திரேலியாவில் என்விடிஏ-வை எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கரன். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவருக்குமே பார்வை கிடையாது. பணம் இல்லாததால் யாருக்கும் திரைவாசிப்பான் இல்லாமல் போகக் கூடாது என்று அதை இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்குள் இருந்து பேசுகிற ஈ-ஸ்பீக் குரலை உருவாக்கியவர் ஜோனதன் டடிங்டன். அதில் தமிழும் உண்டு. இயந்திரக் குரல்தான், இனிமை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் சிதையாது. என்விடிஏ-வின் மெனுக்களைத் தமிழாக்கித் தந்த தன்னார்வலர்களுக்கும், பழைய எழுத்துருவில் கிடந்த கோப்புகளை எனக்காக யூனிகோடுக்கு மாற்றித் தந்த நண்பருக்கும் என் வணக்கம். அந்தப் பழைய கோப்புகளைத் திரைவாசிப்பான் படித்தால் வருவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் கலவரம்.

கடைசியாகத் தம்பி. நான் தடுமாறும்போது கீபோர்டை வாங்கித் தானே முடித்துவிட அவனுக்கு எவ்வளவு கை துறுதுறுத்திருக்கும் என்று தெரியும். ஒருநாளும் வாங்கவில்லை. "என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்பான். திரைவாசிப்பான் சொன்னதை நான் சொல்லிக்கொண்டே வர, பாதியிலேயே எனக்கு வழி தெரிந்துவிடும்.

சார், எக்செல்லில் தலைப்பு வரிசையைக் குறித்து வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் தலைப்பையும் சேர்த்து வாசிக்க வைப்பது எப்படி என்று போன முறை பாதியில் நின்றது. பெரிய தாள் ஒன்று வந்திருக்கிறது. இந்த வாரம் கூப்பிடுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் மாணவன்