மிகுபுனைவு சிறுவர் அலமாரிக்கு மட்டுமானதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள் அனைத்தும் 'சிறுவர், இளையோர்' என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தன. அந்த நூல்களைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அவற்றில் இரண்டை என் பேத்திக்கு வாங்கியும் கொடுத்துவிட்டேன். ஆனால் அம்புலிமாமாவில் வேதாளத்தைச் சுமந்து நடந்த விக்கிரமாதித்தனோடு வளர்ந்து, பிறகு பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்களுக்கு இவ்வகையில் படிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை அந்தத் தலைப்பு உண்டாக்குகிறது. கடந்த சில ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்துள்ள மிகுபுனைவு நாவல்களில் பல, கொஞ்சம் அடிபட்டு வாழ்ந்தவர்களுக்கே முழுதாகப் பிடிபடக்கூடியவை. அவற்றுள் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

'பெரியவர்களுக்கான' என்றதும் ரத்தமும் படுக்கையறையும் கூடுதலாக இருக்கும் என்று பொருள்கொள்வது வழக்கமாகிவிட்டது. நான் காணும் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. சிறுவர் கதைகள் பலவற்றில் (எல்லாவற்றிலும் என்று சொல்ல மாட்டேன்) மந்திரம் வந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். நான் சொல்லப்போகும் நாவல்களில் மந்திரம் வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. அதைக் கட்டிக்காக்க அலுவலகமும் கோப்பும் ஆட்களும் வேண்டியிருக்கிறது, அது யார் கையில் இருப்பது என்ற சண்டையும் கூடவே வந்துவிடுகிறது.

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய 'த டெயின்டட் கப்' 2024-இல் வெளியாகி, மறு ஆண்டு, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வாசகர்கள் வாக்களித்துத் தரும் ஹ்யூகோ விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலையளவு பெரிய கடல் விலங்குகள் ஒரு பேரரசின் கரையேறி வருகின்றன. அவற்றைத் தடுப்பவை கடற்சுவர்கள். அந்தச் சுவர்களைப் பராமரிப்பவர்கள் பொறியாளர்கள். கதை ஒரு பொறியாளரின் சாவில் தொடங்குகிறது: அவர் உடலுக்குள்ளிருந்து ஒரு மரம் முளைத்து அவரைக் கொன்றிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கும் ஆனா என்ற விசாரணை அதிகாரியும், கண்டதையும் கேட்டதையும் மறக்க முடியாதபடி உடல் மாற்றப்பட்ட தின் என்ற இளம் உதவியாளனும் துப்புத் துலக்குகிறார்கள். துப்பறியும் கதையாகவே நன்றாக ஓடுகிறது என்றாலும், என்னைப் பிடித்துவைத்தது வேறு. சுவர் நிற்பது வீரர்களாலும் மந்திரவாதிகளாலும் அன்று, நேரத்தில் முடிந்த பராமரிப்பு வேலையால் என்பதை ஒரு மிகுபுனைவு நாவல் இவ்வளவு மரியாதையோடு சொல்லி நான் இதற்கு முன் படித்ததில்லை. மதகுக்கும் கரைக்கும் மதிப்பீடு எழுதியே தேய்ந்த கை என்பதால் கொஞ்சம் சார்பு இருக்கலாம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர். எஃப். குவாங் எழுதி 2022-இல் வெளிவந்த, இவ்வகை எழுத்தாளர்கள் வாக்களித்துத் தரும் நெபுலா விருது பெற்ற 'பேபல்' மொழியை நேசிப்பவர்களுக்கானது. 1830-களின் ஆக்ஸ்ஃபோர்டில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு கோபுரம் இருக்கிறது. ஒரு சொல்லை ஒரு மொழியிலும், அதற்கு ஏறக்குறைய இணையான சொல்லை இன்னொரு மொழியிலும் வெள்ளிக்கட்டியில் பொறித்து இரண்டையும் உச்சரித்தால், பெயர்ப்பில் தவறிப்போகும் பொருள் எதுவோ அது உலகில் நிகழ்ந்துவிடும். பிரிட்டிஷ் பேரரசின் கப்பல்களும் ஆலைகளும் அந்த வெள்ளியில்தான் ஓடுகின்றன. அதற்கு வேண்டிய சொற்களோ காண்டனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஹெய்ட்டியிலிருந்தும் வந்த மாணவர்களின் நாவில் இருக்கின்றன. தம் தாய்மொழிகள் சீனாவின் மீது அபினிப் போர் தொடுக்கவே பயன்படுகின்றன என்று அவர்கள் உணரும்போது நாவல் இறுகிவிடுகிறது. படித்து முடித்த பின்னும் சில நாட்கள் 'ஊடல்' என்று பொறித்த வெள்ளிக்கட்டி என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிற்பகுதியில் பாத்திரங்கள் ஆசிரியரின் கருத்தை மேடைப்பேச்சாகவே பேசிவிடுகின்றன என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. சீனாவின் செங்டு நகரில் நடந்த 2023 ஹ்யூகோ தேர்தலில் இந்நூலுக்குப் போதிய பரிந்துரைகள் வந்திருந்தும், காரணம் எதுவும் கூறாமல் தகுதியற்றது என்று நீக்கினார்கள். விருதுப் பட்டியலை மட்டும் பார்த்து நூல் வாங்குபவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) இவற்றுள் சிறியது, அமைதியானது. அவருடைய முதல் நாவலுக்கும் இதற்கும் இடையே 16 ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதியை நோய் தின்றுவிட்டது. முடிவில்லாத மண்டபங்களும் எண்ணற்ற சிலைகளும் கொண்ட ஒரு வீடு. கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது, மேல்தளத்தில் மேகம் தவழ்கிறது. அங்கே தனியாக வாழும் ஒருவன் மீன் பிடித்து உண்டு, எலும்புக்கூடுகளுக்கு மரியாதை செய்து, குறிப்பேடுகளுக்கு அகரவரிசை எழுதி நிறைவாக இருக்கிறான். அவனிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பது நமக்கு முதலில் புரிகிறது, அவனுக்குப் பிறகுதான். நீண்ட நாள் நோயிலோ தனிமையிலோ கிடந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் கொடுக்கலாம். கலகலப்பாக ஏதேனும் வேண்டும் என்பவர்கள், முழங்கால் வலியும் ஒரு மகளும் உள்ள, ஓய்வுபெற்ற கடற்கொள்ளைக்காரி 12-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடலில் மீண்டும் கப்பலேறும் கதையான ஷானன் சக்ரவர்த்தியின் 'த அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி' (2023) நாவலைத் தேடலாம்.

ஒரே ஒரு நூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், நான் கை காட்டுவது கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் ப்ரைட் டோர்ஸ்' நாவலை. 2023-ஆம் ஆண்டுக்கான நெபுலா விருது பெற்றது. ஒரு குழந்தை பிறந்ததும் அதன் தாய் அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுத்துவிடுகிறாள். நிழலற்ற அந்த மகனை அவள் வளர்ப்பது, குடும்பத்தைத் துறந்துபோய் ஊர் வணங்கும் மகானாகிவிட்ட தந்தையைக் கொல்வதற்காக. மகனோ வளர்ந்ததும் அந்த வேலையே வேண்டாம் என்று லூரியட் என்ற மாநகருக்குப் போய்விடுகிறான். அங்கே, இறைவாக்கால் தெரிந்தெடுக்கப்பட்டும் அவதாரமாக ஆகாமல் போனவர்கள் கூடி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்கிறான். நகரெங்கும் திறக்க முடியாத, பின்பக்கமே இல்லாத வண்ணக் கதவுகள் இருக்கின்றன. அவற்றை ஆராயவும் அரசிடம் ஆட்கள் உண்டு.

சித்தார்த்தனின் மகன் ராகுலனின் கதையைப் பின்புறமிருந்து பார்ப்பது என்ற அளவில் நின்றிருந்தாலே இது கெட்டிக்கார நாவலாகியிருக்கும். ஆனால் இனக் கலவரமும் நோய்த்தடுப்பு முடக்கமும் தடுப்பு முகாமும் நகரத்தாருக்குப் பழகிப்போய்விட்டதை ஆசிரியர் எழுதும் விதம் அதற்கும் அப்பால் போகிறது. லூரியட் கற்பனை நகரம்தான். எனினும் இலங்கையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்ட 1983 ஜூலையை நேரிலோ செவிவழியாகவோ அறிந்த தமிழ் வாசகர், முகாமுக்குப் பின் முகாமாக நாயகன் நடக்கும் பக்கங்களைத் தூரத்து நாட்டுக் கதையாகப் படிக்க முடியாது. புத்தரின் பெயரால் அதிகாரம் எப்படித் தன் கடந்தகாலத்தையே திருத்தி எழுதிக்கொள்ளும் என்பதை அந்தத் தீவிலிருந்தே ஒருவர் எழுதியிருப்பது சிறிய செய்தியன்று. கதையைச் சொல்வது யார் என்பது வெகு தாமதமாகத்தான் வெளிப்படுகிறது. அதை நான் சொல்லிக் கெடுக்கப்போவதில்லை. நடுவில் ஐம்பது பக்கங்கள் தடம் தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள்.

அடுத்த வாசிப்புச் சிறப்பிதழில் பெரியவர்களுக்கான மிகுபுனைவுக்கென்று தனியாக இரண்டு பக்கங்கள் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, தங்கள் இதழைப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர்களில் எவரேனும் சந்திரசேகரவின் நாவலைத் தமிழில் கொண்டுவர முன்வந்தால், ஒரு சிறு யோசனை. நாயகனின் ஆங்கிலப் பெயர் 'ஃபெட்டர்'. ராகுலன் என்ற பெயருக்கு மரபு கூறும் பொருளும் அதுவே. அதை 'விலங்கு' என்று பெயர்த்தால் காட்டு விலங்கு குறுக்கே வந்துவிடும். 'தளை' என்று வைக்கலாம்: காலைக் கட்டுவதும் தளை, வெண்பாவில் சீரோடு சீரைச் சேர்ப்பதும் தளை. ஆங்கிலச் சொல்லையும் இதையும் சேர்த்துப் பொறித்தால் அந்த ஆக்ஸ்ஃபோர்டு வெள்ளிக்கட்டி என்ன செய்யும் என்பதை அந்த மொழிபெயர்ப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்