கேப்ரி என்ற பெயரும் கேப்ரிக்கு வேண்டிய பாகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய வேகக் கார்களின் பெயர்களைப் புதிய மின்சார எஸ்யூவிகளுக்குச் சூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். 'ஃபோர்டு கேப்ரி மறுபடியும் வந்துவிட்டது' என்று அதில் இருந்தது. பெயர் மட்டும் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.

2024 ஜூலையில் ஃபோர்டு ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய கேப்ரி, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் எம்இபி என்ற மின்சார அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் ஆலையில், ஃபோர்டின் ஐரோப்பிய மின்சார எக்ஸ்ப்ளோரருடன் சேர்ந்து தயாராகிறது. அடித்தளம், மோட்டார், பேட்டரி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். கேப்ரியின் கூரை பின்னால் சரிகிறது, வால் கொஞ்சம் நீளம், அவ்வளவே. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு வண்டிகளை விற்பனைக் கூடத்தில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அலமாரியிலிருந்து பெரிய பெயர் ஒன்றை எடுத்தார்கள். எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரும் இரவல்தான். அமெரிக்காவில் 1990 முதல் ஓடும் வேறொரு பெரிய வண்டியின் பெயர் அது.

பழைய கேப்ரி 1969 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் வந்தது. இரண்டு கதவு, நீண்ட பானட், முன்னால் எஞ்சின், பின் சக்கர இயக்கம், பின்னால் இலைச் சுருள் போட்ட ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு). குடும்பக் காரான கார்ட்டினாவின் பாகங்களை வைத்தே விலையை அடக்கினார்கள். 1986 கடைசி வரை மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழ 19 லட்சம் வண்டிகள் விற்றன. 1971இல் டீட்டர் கிளெம்சரும் 1972இல் யோகன் மாஸும் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை இதில்தான் வென்றார்கள்.

இதைச் சொல்லும்போதே, பழைய கேப்ரி ரசிகர்கள் பேசும் எல்லாவற்றோடும் நாங்கள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். விற்ற கேப்ரிகள் எல்லாமே வேகக் கார்கள் அல்ல. சுமார் 50 குதிரைத்திறனுடன் 1.3 லிட்டர் எஞ்சின் வைத்த கேப்ரியும் உண்டு. பானட் நீளத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அந்தப் பெயரும் 1969இல் புதிதல்ல. 1952இலேயே அமெரிக்காவில் லிங்கன் கேப்ரி இருந்தது. 1961இல் இங்கிலாந்தில் கன்சல் கேப்ரி வந்து, சரியாக விற்காமல் 1964இல் போய்விட்டது. 1989இல் ஆஸ்திரேலிய ஃபோர்டு, மாஸ்டா 323இன் பாகங்களை வைத்து முன் சக்கர இயக்கத்தில் ஒரு திறந்த காருக்கு இதே பெயரை வைத்தது. புதிய வண்டியின் வேகத்திலும் குறை சொல்ல முடியாது. பழையதில் பேர்போன 2.8 லிட்டர் இன்ஜெக்‌ஷன் 160 குதிரைத்திறனில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் 8 விநாடி எடுக்கும். புதியதின் பின் சக்கர மாடல் 286 குதிரைத்திறனில் 6.4 விநாடியிலும், நான்கு சக்கர மாடல் 340 குதிரைத்திறனில் 5.3 விநாடியிலும் தொட்டுவிடுகிறது. அடிப்படை மாடலில் மோட்டார் பின் ஆக்ஸிலில்தான். ஆக, பின் சக்கர இயக்கம் கூடத் தப்பியிருக்கிறது.

மாறியது உருவமும் எடையும். பழையது சுமார் 1.3 மீட்டர் உயரம், 2.8 மாடலே 1,250 கிலோவுக்குள். புதியது 1.6 மீட்டருக்கு மேல் உயரம், ஏறத்தாழ 2 டன் எடை, ஐந்து பேர் உட்காரும் நான்கு கதவு வண்டி, பின்னால் 572 லிட்டர் சாமான் இடம். நல்ல குடும்ப வண்டி என்றால் மறுக்க மாட்டோம். நம் ஊரில் தாத்தா பெயரைச் சுமப்பவனைப் பெயரன் என்றோம்; அதுதான் பேரன் ஆனது. பேரனிடம் மூக்கோ நடையோ ஏதாவது ஒன்று தாத்தாவை நினைவுபடுத்தும். இங்கே பேரன் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

டொயோட்டா சூப்ராவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2019 சூப்ராவுக்கு எஞ்சின் பிஎம்டபிள்யூ தந்தது. வண்டி ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், பிஎம்டபிள்யூவின் இசட்4 காரோடு ஒரே ஆலையில் உருவானது. அதற்காக ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் இரண்டு கதவு, முன்னால் நேர்வரிசை ஆறு சிலிண்டர், பின் சக்கர இயக்கம் என்ற மூன்றும் அப்படியே இருந்தன. எங்கள் கணக்கில் அந்தப் பெயர் நியாயமாகவே வந்தது. எக்லிப்ஸ் என்ற கூப்பே (இரண்டு கதவு, சரிந்த கூரை உள்ள கார்) பெயரை எக்லிப்ஸ் கிராஸ் என்று எஸ்யூவிக்கு வைத்த மிட்சுபிஷியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெயரை ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கு, 'பயன்படுத்தாவிட்டால் வணிகச் சின்ன உரிமை போய்விடும்' என்ற காரணத்தைத் தங்கள் கட்டுரை தந்திருந்தது. பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், பதிவு செய்த சின்னத்தைத் தொடர்ந்து 5 ஆண்டுகள் உண்மையாகப் பயன்படுத்தாவிட்டால் நீக்கச் சொல்லி யாரும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவின் 1999 வணிகச் சின்னச் சட்டத்திலும் 47ஆம் பிரிவு ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. கைவிட்ட பெயர் எவ்வளவு பாடுபடுத்தும் என்பது ஃபோர்டுக்கே தெரியும். 2002இல் தங்கள் பழைய பந்தயக் காரான ஜிடி40இன் பெயரில் மாதிரி காரைக் காட்டினார்கள். பெயரின் உரிமை வேறொரு சிறு நிறுவனத்திடம் இருந்தது. பேச்சு படியவில்லை, விற்பனைக்கு வந்த கார் வெறும் ஃபோர்டு ஜிடி ஆனது.

ஆனால் பெயரைக் காப்பாற்றப் புதுக் கார்தான் வேண்டும் என்பதில்லை. ஃபெராரியின் டெஸ்டாரோஸா உற்பத்தி 1990களிலேயே நின்றுவிட்டது. பயன்பாடு இல்லை என்று ஜெர்மனியில் வழக்கு வந்து, 2017இல் டியூசல்டோர்ஃப் நீதிமன்றம் சின்னத்தை நீக்கவும் சொன்னது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெயரில் உதிரிபாகம் விற்பதும் பழைய கார்களுக்குச் சேவை தருவதும்கூட உண்மையான பயன்பாடாக அமையலாம் என்று 2020 அக்டோபரில் அது சொல்லிவிட்டது. அதாவது கேப்ரி என்று அச்சிட்ட அட்டைப்பெட்டியில் பழைய கேப்ரிக்கு வேண்டிய பாகத்தை வைத்து விற்றாலே, பெயருக்கு உயிர் இருக்கிறது என்று வாதாட வழி உண்டு.

எங்கள் ஆதங்கம் இங்கேதான். ஓடுகிற கேப்ரிகளுக்குத் தேவையானவை இன்று பெரும்பாலும் ஆர்வலர் சங்கங்களும் சிறு பட்டறைகளும் செய்து தருபவை.

ஓர் உதாரணம். கேப்ரி வாங்குபவர் பெயின்ட்டைப் பார்க்கும் முன் பானட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் (சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் தூணின்) தலை உட்கார்ந்திருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு, வெளி மட்கார்டுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும். ஈரம் காயாது. துரு கீழிருந்து மேலே வரும். மேலே கொப்புளம் தெரியும்போது அடியில் ஏற்கெனவே பொடியாகியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அடியில் பூசிய கறுப்புப் பூச்சைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று பேசும், செத்த தகடு மொத்தென்று கேட்கும். பழுது பார்க்கும்போது மேலே ஒரு தகடு வைத்து ஒட்டுவது வீண். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் நின்று மறுபடி தின்னும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, அதே வளைவில் அடித்த தகட்டைச் சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இரண்டு ஸ்ட்ரட் மையங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சக்கரச் சாய்வைத் திருகித் திருத்த இதில் வசதி கிடையாது, சில மி.மீ. நகர்ந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இன்னொன்று, 3 லிட்டர் கேப்ரியில் இருந்த எஸ்ஸெக்ஸ் வி6 எஞ்சினின் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பல்சக்கரம். சத்தம் குறைய வேண்டும் என்று அதை ஃபைபரில் செய்தார்கள். வயதானால் பற்கள் உதிரும், ஓடுகிற எஞ்சின் அப்படியே நின்றுவிடும். ரேடியேட்டர், ஃபேன், கிராங்க் புல்லி, முன் மூடி எல்லாம் இறக்கி, இரண்டு சக்கரங்களின் குறிகளும் எதிரெதிரே வரும்படி உலோகச் சக்கரத்தை மாட்டலாம். மெல்லிய ஊளைச் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சம்பை (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றாமல் வேலையை முடித்தால் செலவு இரட்டிப்பாகும். உதிர்ந்த ஃபைபர் துகள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டு, கொஞ்ச நாளில் பேரிங்கைத் தின்றுவிடும்.

டொயோட்டா 2020 முதல் ஏ70, ஏ80 என்ற பழைய தலைமுறை சூப்ராக்களுக்கு நின்றுபோன பாகங்களில் சிலவற்றை மறுபடி தயாரித்து விற்கிறது. நிசான் 2017 இறுதியிலிருந்து ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு இதைச் செய்கிறது. இப்படிச் செய்துவிட்டு அதே பெயரைப் புதுக் காரில் ஒட்டினால் யாரும் முணுமுணுக்கப் போவதில்லை.

பெயர் ஒன்றாவதால் பட்டறையில் வரும் நட்டமும் சிறிதல்ல. ஃபோர்டு பூமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் வந்த பூமா சிறிய கூப்பே. யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய 1.7 லிட்டர் எஞ்சின், சிலிண்டர் சுவரில் நிக்கல் பூச்சு. அதற்கு 5டபிள்யூ-30 என்ற மெல்லிய எண்ணெய்தான்; 'பழைய எஞ்சின்தானே' என்று கெட்டி எண்ணெய் ஊற்றுவது தவறு. 2019 முதல் வரும் பூமா எஸ்யூவியின் 1 லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றுவது எண்ணெயில் நனைந்தே ஓடும் ரப்பர் பெல்ட். கையேட்டில் குறித்த தரம் தவறினால் பெல்ட் உரிந்து, சல்லடை அடைத்து, எண்ணெய் அழுத்தம் விழும். கவுன்டரில் 'பூமாவுக்கு ஆயில்' என்று மட்டும் கேட்டால் எது வரும்?

நம் நாட்டிலும் இது உண்டு. 1999இல் வந்த மாருதி பெலினோ 1.6 லிட்டர் செடான். ரேலிக்காரர்களுக்கும் பிடித்த வண்டி. 2015 முதல் வரும் பெலினோ, 1.2 லிட்டர் பெட்ரோல், 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்களோடு தொடங்கிய ஹேட்ச்பேக். முன்னதில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது டைமிங் பெல்ட், அதைக் கெடு தவறாமல் மாற்ற வேண்டும். பின்னதின் 1.2இல் டைமிங் செயின். பழைய பெலினோவை இப்போது வாங்குபவர், புதியதைப் பற்றி எழுதிய பராமரிப்புக் குறிப்பைப் படித்துவிட்டு 'பெல்ட்டே கிடையாதாம்' என்று இருந்துவிட்டால், அறுந்த அன்று நடுரோட்டில்தான் தெரியும்.

பாகம் கேட்பவர்கள் பெயரை விட்டுவிட்டு எஞ்சின் குறியீட்டையும் சேஸிஸ் எண்ணையும் சொல்லிக் கேட்பது நல்லது. 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணில் முதல் மூன்றும் தயாரிப்பாளரை மட்டுமே காட்டும், மாடலைக் காட்டாது. 10ஆவது எழுத்தைப் பார்த்தால் ஆண்டு தெரியும் என்பதும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஐரோப்பிய ஃபோர்டில் 11ஆவது எழுத்து ஆண்டு, 12ஆவது மாதம். 2.8 கேப்ரியில் முதலில் நான்கு கியர், 1983 முதல் ஐந்து கியர் என்பதால், இந்த இரண்டு எழுத்தையும் படிக்காமல் கியர்பாக்ஸ் சார்ந்த எதையும் வரவழைக்கக் கூடாது.

தங்கள் வாகனப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி பழைய பெயரில் புது வண்டி வரும்போது, நிறுவனத்தின் செய்திக்குறிப்பில் உள்ள 'மறுபிறவி' என்ற சொல்லைத் தலைப்பில் போட வேண்டாம். எந்த அடித்தளம், அதை யாரோடு பகிர்கிறது, எத்தனை கதவு, எந்தச் சக்கரம் இயங்குகிறது, எடை எவ்வளவு என்று முதல் பத்தியிலேயே கொடுங்கள். பழைய மாடலுக்கு நிறுவனம் இன்னும் பாகம் தருகிறதா என்று அவர்களின் செய்தித் தொடர்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலையும் அடுத்த வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்ப்பில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.