செங்கலடிக்கு அங்கால் ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் கிழக்குச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையில், ‘செங்கலடிச் சந்தியைத் தாண்டினால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதே ஞாயிறு விடியற்காலையில், மட்டக்களப்புக்கு அருகிலுள்ள அந்தச் சந்தியைத் தாண்டித்தான் நாங்கள் 14 பேர் சைக்கிளில் பதுளை வீதியால் போனோம். இரவு வீட்டுக்கு வந்து பத்திரிகையை விரித்தேன். முழங்கால் நோவு மறந்துபோயிற்று, அந்த வரி மட்டும் மறக்கவில்லை.

எழுதியவர் எந்த மாதத்தில் வந்தார் என்று அறிய விரும்புகிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த வீதியில் மேற்கே மிதிப்பது சீவன் போகிற வேலை. எதிர்க்காற்றும் புழுதியும்தான் மிஞ்சும். கச்சான் ஓய்ந்து வடகிழக்கு வாடைக்காற்று இன்னும் பிடிக்காத இந்த ஐப்பசித் தொடக்கத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் மழை விழுந்த வயல்களில் உழவு மெஷின் ஓடுகிறது, பின்னாலேயே கொக்குக் கூட்டம். கரடியனாறு கழிந்ததும் மலைகள் நீலமாக எழும்பி வருகின்றன. புல்லுமலைப் பக்கம் வீதியே ஏறி இறங்கத் தொடங்குகிறது. அங்கே யானைக்குப் பயந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் நுழைவோம்.

எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர், தையல் வேலை செய்யும் தங்கச்சிமார் இருவர், ஏறாவூர்த் தம்பி ஒருவர், மற்றவர்கள் கல்லடியும் ஆரையம்பதியும். கியர் சைக்கிள் ஐந்துதான். மற்றதெல்லாம் கரியர் பூட்டிய சாதாரண சைக்கிள். எங்களுக்குள் ஒரேயொரு சட்டம்: ஏத்தத்தில் யார் முந்தினாலும் உச்சியில் நிற்கவேண்டும். கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, ‘சரி, போவம்’ என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் மிதிப்பார்கள். அவர் வந்த உடனே மற்றவர்கள் கிளம்பினால் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. இதைச் சொல்லித் தந்தவர் அந்த இரண்டு தங்கச்சிமாரில் இளையவர்.

மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் கை வைக்கவே முடியவில்லை. தேத்தண்ணிக் கடை அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஏறாவூர்த் தம்பி சொன்ன பிறகுதான் விளங்கியது: ‘இந்த வயதில் மட்டக்களப்பிலிருந்து மிதித்தா வந்தீர்கள்?’ முதல் சுற்றுத் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும்போது சைக்கிள்களை லொறியில் ஏற்றினோம், மறைக்கவில்லை.

ஐயா, இந்த ஒரு வரிக்கு மட்டும் நான் பேனாவை எடுக்கவில்லை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை என்றாலே உங்கள் பத்திரிகைக்கு வெள்ளமும் யானையும்தான். போர்க்காலத்தில் இதே வீதியிலுள்ள கறுத்தப் பாலத்துச் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனவன் நான். அந்தப் பாலத்துக்கு அங்கால் மனிதர் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, வெள்ளாமை இருந்தது. இன்றைக்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள். குடும்பிமலையை இன்னும் ‘தொப்பிகல’ என்ற சிங்களப் பெயரிலேயே போடுகிறீர்கள். குடுமி போல நிற்பதால் எங்கள் மூத்தவர்கள் வைத்த பெயர் உங்கள் பக்கத்தில் எப்போது ஏறும்?

சைக்கிளுக்கும் இதே நிலைதான். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் எல்லோரும் சைக்கிளைத் தேடினார்கள். எரிபொருள் அட்டை வந்தது, சைக்கிள் மறுபடியும் வீட்டுக் கோடிக்குள் போய்விட்டது. கரடியனாற்றுக்கு முன்னால் ஒரு பஸ் ஹோன் அடித்தே எங்களை வீதியோர மணலுக்குள் தள்ளியது, மூன்று பேர் விழுந்தார்கள். நிற்காமல் போய்விட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பும் இதேபோல் நடந்து உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாசிப்பவன், அதற்கு மேல் என்ன நினைக்க?

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் ‘கன்னியா வெந்நீர் ஊற்று’ என்று இருக்கிறது. அது கன்னியா இல்லை. கன்னியா திருகோணமலையில், படத்தில் இருப்பது மகாஓயா, அம்பாறை மாவட்டம். நாங்கள் அன்று காலை நின்ற அதே கிணற்றடி. வரும் ஞாயிறு இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.